பத்திரம் கேட்கிற பள்ளி

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு மூன்று கால்தான் விசுவாசமாக இருக்கிறது. பெஞ்சில் உட்காருங்கள். பெயர் என்ன சொன்னீர்கள், தணிகைவேலா? திருநின்றவூர். ஏசி மெக்கானிக். நல்லது. தோழர் என்று கூப்பிட்டால் கூச்சப்பட மாட்டீர்களே? நான் கலெக்டரையே அப்படித்தான் கூப்பிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அது அவர் பாடு.

ஜப்பானிய வகுப்பு டீச்சர் அனுப்பினாரா? "சங்க ஆபீஸ் கோதண்டபாணியைப் பாருங்கள், அவர் மகள் அங்கேதான் படிக்கிறாள்" என்றாரா? அதோடு நிறுத்திக்கொண்டாரா, இல்லை சிரித்தாரா? சிரித்திருப்பார். போகட்டும்.

உங்கள் பையன் ஜப்பானுக்குப் போய் முதலில் மொழிப் பள்ளியில் சேர வேண்டும். எந்தப் பள்ளி என்று தெரியவில்லை. கையில் ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள், அதில் பெற்றோர் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா வேண்டாமா. இதுதானே விஷயம்? இதற்குப் பதில் சொல்ல இந்த அம்பத்தூரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஆனால் பதிலை மட்டும் பறித்துக்கொண்டு ஓடக் கூடாது. முழுதும் கேட்க வேண்டும். நான் மேடையில் பேசினாலும் அப்படித்தான், கோரிக்கை கடைசியில்தான் வரும்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டறிக்கையிலும் பத்துப் பைசாப் பிரசுரத்திலும் படித்தது. அதில் ஒரு நன்மை உண்டு. பட்டம் வாங்கியவன் ஒரு காகிதத்தை மேலிருந்து கீழே படிப்பான். நாங்கள் கீழிருந்து மேலே படிப்போம். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இருக்கிற நாலு வரியில்தான் முதலாளி ஒளிந்திருப்பான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் தொழிற்சாலையை மூடினார்கள். பிரேக் செய்கிற தொழிற்சாலை. கதவடைப்பு, அறுபத்திரண்டு நாள். அப்புறம் கதவைத் திறந்து, வாசலில் ஒரு மேஜை போட்டு, மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதம் வைத்தார்கள். நன்னடத்தைப் பத்திரம். "நிர்வாகத்தின் நடைமுறைகளுக்குக் கீழ்ப்படிவேன், ஒழுங்காக வேலைக்கு வருவேன், ஒத்துழைப்பேன்." இதில் கையெழுத்துப் போட்டால் உள்ளே போகலாம். முதல் நாள் ஒருவனும் போடவில்லை. இரண்டாம் வாரம் பத்துப் பத்துப் பேராகப் போட்டார்கள். ஒரு மாதத்தில் வெளியே நின்றது ஒன்பது பேர். அதில் எட்டுப் பேரைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. கடைசிவரை போடாதவன் ஒருவன். உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

இன்றுவரை போடவில்லை. அந்த மேஜையை எடுத்துவிட்டார்கள், அந்த வாசலையே இடித்துவிட்டார்கள். நான் போடவில்லை.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். வெண்மணி. பெயர் நான் வைத்தது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தாள். வகுப்பில் நாற்பத்தெட்டுப் பையன்கள், இவள் ஒருத்தி. அப்புறம் இரண்டு வருஷம் மாலை வகுப்பில் ஜப்பானியம். திட்டம் என்னவென்றால், அங்கே போய் இரண்டு வருஷம் மொழிப் பள்ளி, பிறகு கார் மெக்கானிக் கல்லூரி. என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். அதுவும் என் வளர்ப்புதான்.

ஏப்ரல் மாதச் சேர்க்கை. நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அக்டோபரில் ஒருநாள் மூன்று பள்ளிகளின் கையேட்டைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "எதுன்னு புரியலப்பா. எல்லாத்துலயும் பூத்த மரத்துக்குக் கீழ பிள்ளைங்க சிரிக்குது" என்றாள்.

"சிரிக்கிறவனை நம்பாதே. என்னிடம் கொடு" என்றேன்.

ஒரு வாரம் இந்த மேஜையில் உட்கார்ந்து படித்தேன். இருபத்து மூன்று கேள்வி தயார் செய்தேன். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள், கல்லூரிக்குப் போனது எத்தனை பேர், விடுதி அறையில் எத்தனை பேர், உடம்பு சரியில்லை என்றால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஆசிரியர்களுக்குச் சங்கம் உண்டா. கடைசிக் கேள்வியைப் பார்த்து வெண்மணி தலையில் கை வைத்தாள். "அப்பா, இது அட்மிஷன்பா. கூலி உயர்வு ஒப்பந்தம் இல்ல." ஆனாலும் மொழிபெயர்த்து அனுப்பினாள்.

ஒரு பள்ளி பதிலே போடவில்லை. அது போச்சு. இரண்டாவது பள்ளி, வடக்கே பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அந்தத் தலைமை ஆசிரியை நாலு பக்கம் பதில் எழுதினார். ஒரு கேள்வி விடவில்லை, எல்லாவற்றுக்கும் கணக்கோடு பதில். சங்கக் கேள்விக்கு என்ன எழுதினார் தெரியுமா? "நாங்கள் ஏழு ஆசிரியர்கள். சங்கம் இல்லை. மாலையில் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம்." எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. எதிரி என்றாலும் நேராகப் பேசுகிறவர்.

எதிரி என்று ஏன் சொல்கிறேன்? அந்த நாலு பக்கத்தோடு ஐந்தாவதாக ஒரு பக்கம் இருந்தது. உறுதிமொழிப் படிவம். மாணவர் ஒரு கையெழுத்து, பெற்றோர் ஒரு கையெழுத்து. வெண்மணியை வாசிக்கச் சொன்னேன். "பள்ளியின் நடைமுறைகளுக்குக் கீழ்ப்படிவேன். ஒழுங்காக வகுப்புக்கு வருவேன். பெற்றோர் பள்ளியோடு ஒத்துழைப்பார்."

"நிறுத்து" என்றேன்.

கேட்டீர்களா தோழர்? அதே மூன்று வரி! பதினைந்து வருஷம் கழித்து, கடல் தாண்டி, அதே மேஜை என் வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

மூன்றாவது பள்ளிக்கு அண்ணாநகரில் ஒரு ஏஜெண்ட். வழவழவென்று சட்டை போட்ட பையன். "பாண்டு பத்திரமா? எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாது அங்கிள். ஃபுல் ஃப்ரீடம். வந்தா வா, வராட்டி போ. முதல் நாள்லேர்ந்து வேலையும் நாங்களே பிடிச்சுக் குடுத்துருவோம்" என்றான். எழுதிக் கொடு என்றேன். கொடுத்தான். பத்திரம் கிடையாது என்று ஒரு நிர்வாகம் எழுத்தில் கொடுத்ததை என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, "முடிந்தது. இந்தப் பள்ளிதான்" என்றேன்.

என் மனைவி சுலோச்சனா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு சேரப் போறது, நீங்களா அவளா?" என்றாள். அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

வெண்மணி மறுநாள் அந்த ஏஜெண்டுக்குப் போன் போட்டாள், என் எதிரிலேயே. என்னுடைய கேள்விப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாலாவது கேள்வியைக் கேட்டாள். "போன வருஷம் முடிச்சவங்கள்ல எத்தனை பேர் காலேஜ் போனாங்க?" அவன், "நெறைய பேரு சிஸ்டர்" என்றான். "நெறையன்னா எத்தனை?" "அது வந்து, டேட்டா அப்டேட் ஆயிட்டிருக்கு." அப்புறம் அந்தப் பள்ளியில் படிக்கிற ஒரு நேபாளப் பெண்ணை எப்படியோ தேடிப் பிடித்துப் பேசினாள். இருபது பேர் வகுப்பில் ஆறு பேர்தான் வருவார்களாம். மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் நிற்கிறார்களாம். வருகைக் குறைவு என்று விசா நீட்டிக்காமல் போன வருஷம் பதினோரு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பள்ளி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்பா, பத்திரம் இல்லன்னா என்ன அர்த்தம்? நீ வந்தாலும் வராட்டியும் எங்களுக்குக் கவலை இல்லன்னு அர்த்தம். அது ஸ்கூல் இல்லப்பா. கரும்பலகை மாட்டின லேபர் கான்ட்ராக்டர்."

நான் முப்பது வருஷம் ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்தவன். அந்தப் பள்ளியை நான் முதலிலேயே சந்தேகித்தேன். சட்டையைப் பார்த்தபோதே எனக்குப் பட்டது. எழுதிக் கொடு என்று நான் கேட்டதே அதனால்தான். நான் கேட்டிராவிட்டால் இதெல்லாம் வெளியே வந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு பள்ளி தவறு என்பதால் இன்னொரு பள்ளியின் பத்திரம் சரியாகிவிடுமா? ஆகாது. "ஒரு வருஷம் பொறு. நான் அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதுகிறேன். 'கீழ்ப்படிவேன்' என்பதை எடுத்துவிட்டு 'கலந்து பேசி நடப்பேன்' என்று மாற்றட்டும், கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.

"ஒரு வருஷமா?"

"நான் பதினைந்து வருஷம் பொறுத்தவன்."

அவள் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு வந்து என் முன்னால் வைத்தாள்.

அனுப்புநர்: கோ. வெண்மணி. பெறுநர்: குடும்ப நிர்வாகம். பொருள்: பதினான்கு நாள் முன்னறிவிப்புடன் கூடிய வேலைநிறுத்த நோட்டீஸ். "நிர்வாகத்தின் பிடிவாதப் போக்கால் விண்ணப்பதாரரின் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் நிலையில்" என்று தொடங்குகிறது. நடை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து என் துண்டறிக்கையெல்லாம் அவள்தான் டைப் அடித்துக் கொடுத்தாள்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு தவறைச் சுழித்தேன். "பேச்சுவார்த்தைக்குத் தயாராக இருக்கிறோம் என்ற வரி இல்லை. அது இல்லாவிட்டால் நோட்டீஸ் செல்லாது."

"தயாரா இல்லப்பா. அதான் போடல."

பெருமையாக இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் அப்போது நிர்வாகம்.

முன்னறிவிப்பு நாள் முடியும்வரைகூடக் காத்திராமல், அன்றிலிருந்தே அவள் டைப் அடிப்பதை நிறுத்தினாள். தொழிற்பேட்டை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு பஸ் பாஸ் கேட்டு ஒரு துண்டறிக்கை நான் எழுதி வைத்திருந்தேன். டைப் கடைக்காரனிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். ஒரு பக்கத்தில் பதினாறு பிழை. அதைக் கையில் வாங்கிய ஒரு தொழிலாளி, "என்னா தோழரே, கை நடுங்குதா?" என்றான். எட்டாவது நாள் அவளிடம், "சமரச அதிகாரி யாரையாவது வைத்துக்கொள்வோமா?" என்று கேட்டேன். "நோட்டீஸ் நகல் டீச்சருக்கும் அனுப்பியிருக்கேன்" என்றாள். உங்கள் டீச்சர் சிரித்தது அதை நினைத்துத்தான்.

நான் வளையவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். பதினான்காம் நாள் காலையிலும் நான் வளையவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். வெண்மணி தன் கையெழுத்தைப் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். பெற்றோர் என்ற இடம் காலியாக இருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சுலோச்சனா வேலைக்குப் போகவில்லை. அவள் ஏற்றுமதி கம்பெனியில் தையல் செக்கிங். இருபது வருஷ வேலை. லீவு போடுகிற ஆள் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பேனா குடுங்க" என்றாள்.

"எதற்கு?"

"பெத்தவங்கன்னுதானே போட்டிருக்கு. நான் பெத்தவதானே?"

"சுலோச்சனா, அது என்ன காகிதம் தெரியுமா? அதே பத்திரம். இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அதில் கையெழுத்துப் போட்டதில்லை."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்படி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க வாசல்ல நின்ன வருஷம், எங்க சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டான். கோதண்டபாணி பொண்டாட்டி நீதானான்னான். ஆமான்னேன். ஒரு காகிதத்தை நீட்டினான். சங்கத்துல சேர மாட்டேன், மீட்டிங்குக்குப் போக மாட்டேன், யாரையும் சேர்க்க மாட்டேன். போட்டாத்தான் வேலையில இருக்கலாம்னான். போட்டேன்."

வெண்மணி கதவருகில் நின்றிருந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி வீட்டுல சோறு இருந்துச்சு. நீங்க சாப்பிட்டீங்க" என்றாள் சுலோச்சனா. "நீங்க போடாத கையெழுத்தையெல்லாம் யாராவது ஒருத்தர் போட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

தோழர், பதினைந்து வருஷம். மே தினக் கூட்டத்தில், ஆண்டு விழாவில், எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், "என் குடும்பம் ஓர் எழுத்துகூட எழுதிக் கொடுத்ததில்லை" என்று. கை தட்டுவார்கள். அவள் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளும் தட்டுவாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? மனிதனுக்கு அந்த நேரத்தில் என்ன கேட்கத் தோன்றும்? "வாசித்துவிட்டுப் போட்டாயா?" என்று கேட்டேன்.

"அதை எங்க வாசிக்க விட்டாங்க? இதை வாசிச்சிட்டேன். ரெண்டு தரம். இவ சொல்லச் சொல்லக் கேட்டேன்." படிவத்தில் விரலை வைத்தாள். "அந்தக் காகிதத்துல அவன் என்ன செய்வான்னு ஒரு வரிகூட இல்ல. இதுல, பாருங்க, கீழ இருக்கு. உடம்பு சரியில்லன்னா நாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். ரெண்டு நாள் வராட்டி அறைக்கு வந்து பாப்போம். காலேஜ் சேர்ற வரைக்கும் பொறுப்பு. அவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, முத்திரையோட. நீங்கதான் கீழேர்ந்து மேல படிப்பேன்னு சொல்லுவீங்களே. இதை ஏன் படிக்கல?"

படிக்கவில்லை. வெண்மணியை மூன்றாவது வரியில் நிறுத்தச் சொன்னது நான்தான். அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் மூன்று வரி போதும், தோழர், எங்களைப் போன்றவர்களுக்கு. தழும்பு உள்ளவனுக்கு மூன்று வரி போதும்.

பேனாவைக் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். கொடுக்கவில்லை. சட்டைப் பையில் இருந்தது, அவளே எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். தெருவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குடம் வைக்கிற வரிசையில் சண்டை. போய் வரிசையைச் சரிசெய்து கொடுத்தேன். திரும்பி வரும்போது ஸ்கேன் அனுப்பிவிட்டிருந்தார்கள். தமிழில்தான் போட்டிருந்தாள், கோ. சுலோச்சனா என்று முழுதாக. அந்தத் தலைமை ஆசிரியை அதைப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று பதில் எழுதினாராம்.

ஏப்ரலில் வெண்மணி போனாள். விமான நிலையத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், நாங்கள் மூன்று பேரும் அழவில்லை. உள்ளே போவதற்கு முன்னால் வந்து, "அப்பா, பஸ் பாஸ் நோட்டீஸ் திருத்தி உங்க மேஜைல வச்சிருக்கேன். பதினாறு இல்ல, பத்தொன்பது பிழை" என்றாள். வேலைநிறுத்தம் முடிந்தது என்று எழுத்தில் அவள் எனக்குத் தரவில்லை. அதனால் சட்டப்படி அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சுலோச்சனாவா? இப்போதும் வேலைக்குப் போகிறாள். நானும் இப்போதும் கூட்டத்தில் பேசுகிறேன். அந்த வரியை மட்டும் சொல்வதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு தோழர் மேடையில் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் விஷயம். படிவத்தைக் காட்டுங்கள். கீழ்ப்பக்கத்தைக் காட்டுங்கள், மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ம். அவர்கள் பக்கம் நாலு வரி இருக்கிறது. முத்திரை இருக்கிறது. பையனிடம் ஒரு வரிகூட விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். என் இருபத்து மூன்று கேள்வியையும் தருகிறேன், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராத பள்ளி வேண்டாம். பத்திரமே கேட்காத பள்ளி வேண்டவே வேண்டாம். இதை இந்த வட்டாரத்தில் முதலில் சொன்னவன் நான். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நான் போடவில்லை, போட மாட்டேன். நீங்கள் போடலாம்.

அங்கே எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்களே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகைப் பதிவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போன வாரம் வந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம். ஒரே ஒரு நாள் வரவில்லை. காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார்கள். சுலோச்சனா அதையே நம்பிக்கொண்டு, "குளிர்ல நடுங்கிக்கிட்டுக் கிடந்திருக்கு பிள்ளை, டீச்சரம்மா கஞ்சி கொண்டுவந்து குடுத்தாங்களாம்" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரியாதா? காய்ச்சலுக்கு முந்தின வாரம்தான் போனில் சொன்னாள், விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, சொல்லிச் சொல்லிப் பார்த்தும் விடுதிக்காரன் அசையவில்லை என்று. "தனியாகக் கேட்காதே, கூடிக் கேள்" என்றேன். போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் காய்ச்சல். அவளுக்கு மட்டுமில்லை, அந்த விடுதியில் ஏழு பேருக்கும் அதே நாள். மறுநாளே புது ஹீட்டர் வந்துவிட்டது. கேட்டால், "நிஜமாவே காய்ச்சல்ப்பா, நூத்தி ரெண்டு" என்கிறாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். போனில் வேறென்ன சொல்வார்கள்?

ஏன் சிரிக்கிறீர்கள்? ஏழு பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வருமா என்கிறீர்களா? வரும், தோழர். எங்கள் தொழிற்சாலையில் நானூறு பேருக்கு ஒரே காலையில் வந்திருக்கிறது.